அன்று கண்ணுக்கு, இன்று லென்ஸுக்கு

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே-22 ரிவால்வரின் குழல் உருண்டையாக, மொழுக்கென்று இருக்கும். அப்படி ஒன்றின் முதுகில், குழல் முனையிலிருந்து பின்கோடிவரை இடைவெளி விட்ட பட்டை ஓடுகிறதா? தொழிற்சாலைக்கு வெளியே யாரோ கைவைத்திருக்கிறார்கள். அடுத்து, குறிபார்க்க உதவும் முன்சைட்டின் காலடியைப் பார்க்க வேண்டும். அங்கே சின்னஞ்சிறு கண்ணாடி பதித்திருந்தால், சான் பிரான்சிஸ்கோவில் டீன் கிங் நடத்திய கிங் கன் சைட் கம்பெனியின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலிருந்து விழும் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி முன்சைட்டின் சிவப்பு மணிமேல் திருப்பிவிடும். பேட்டரி இல்லை, பல்பு இல்லை. எனக்கு இன்னும் அலுக்காத யோசனை இது.

அன்றைக்கு இது அலங்காரத்துக்குச் செய்ததல்ல. சாதாரண ரிவால்வரில் அரைநிலா வடிவத் தகடுதான் முன்சைட். வெயிலில் கூசும், அந்திநேரத்தில் மறைந்துபோகும். 1890களில் பாஸ்டன்காரரான பேட்ரிட்ஜ் சதுர முனையும் சதுரப் பள்ளமும் கொண்ட சைட்டைக் கொண்டுவந்தார், போட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒற்றைக் கையை நீட்டி ஐம்பது கஜத்தில் சுடுகிறவருக்கு மயிரிழையும் கணக்குத்தானே! ஆனாலும் ஒருவர் கண்ணுக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. 1932இல் அரை நொடிக்கும் குறைவாக ஐந்து குண்டுகளைச் சுட்ட மொன்டானாக்காரர் எட் மக்கிவர்ன் தங்க மணியை விரும்பினார். அவர் பெயரிலேயே அந்த மணி விலைபோனது. 1935இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரெஜிஸ்டர்டு மேக்னம் ரிவால்வரை, தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோலக் குழல் நீளம், சைட் எல்லாம் சொல்லி வாங்கலாம். விலை 60 டாலர். மந்தநிலைக் காலத்தில் அது சின்னத் தொகையல்ல.

இன்று அந்த அளவெடுப்பு போய்விட்டது. அன்று ஒரு பக்கத்துத் திருகைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை முறுக்கிச் சரிசெய்த பின்சைட், இப்போது கிளிக் கிளிக்கென்று எண்ணி நகர்கிறது. பேட்டரியில் ஒளிரும் ரெட் டாட் சைட் பொருத்தத் துளை போட்டே பல மாடல்கள் வருகின்றன. கண் தளர்ந்தால் கம்மியரைத் தேடுவதில்லை, பேட்டரி மாற்றுகிறார்கள்.

பழையவை சேகரிப்பாளரின் மேசைக்குப் போய்விட்டன. அவர் சுடுவது குறைவு, லென்ஸ் பிடிப்பது அதிகம். முன்சைட்டின் தகடு ஆணி செருகி நிற்கிறதா, அடியில் வெள்ளிப் பற்றின் மெல்லிய கோடு தெரிகிறதா? நீலக்கருப்பு மெருகு அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறுகிறதா? குழலின் எழுத்துகள் விளிம்பு மழுங்கியிருந்தால், சாணைபிடித்து மறுமெருகு போட்டிருக்கிறார்கள். குழலடி எண்ணும் கைப்பிடியடி எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் குழலே வேறு துப்பாக்கியுடையது. பிறகு தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து கடிதம் வாங்குவார். விசேஷ சைட் அதில் குறித்திருந்தால் மதிப்பு கூடும். மூலநிலை கெட்டதென்று பலர் ஒதுக்கும் திருத்தங்களில், கிங் முத்திரை உள்ளதற்கு மட்டும் தனி மவுசு.

முத்திரையே இல்லாத மணிகளும் உண்டு. ஊர்ப்பெயர் தெரியாத ஏதோ பட்டறையில் பித்தளைத் துண்டை அரத்தால் தேய்த்துப் பற்றவைத்தது. கடிதத்திலும் அது இருக்காது. யாருடைய கண்ணுக்காகத் தேய்த்தார்கள் என்பதை லென்ஸ் காட்டுவதில்லை. அரத்தின் கீறல்கள் மட்டும் தெரிகின்றன, இன்றும் மழுங்காமல்.