108 ஆம்புலன்ஸில் வேலை... அடுத்து என்ன? அவசர மருத்துவ சேவையில் உயர உதவும் மேற்படிப்புகள்!

இரவு 2 மணி. பிரசவ வலியில் துடிக்கிறார் ஒரு கர்ப்பிணி. பக்கத்து வீட்டுக்காரர் 108-க்கு போன் போடுகிறார். சற்று நேரத்தில் தெருமுனையில் சைரன் சத்தம். வண்டியிலிருந்து மருத்துவ உதவியாளர் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டுக்கு மூச்சே வருகிறது.

அந்த உதவியாளருக்கு 24 வயது என்றால் பரவாயில்லை. 40 வயதிலும் அதே ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க முடியுமா? ஓடும் வண்டியில் பிரசவம் பார்த்து, விபத்துக் காயங்களுக்குக் கட்டுப்போட்டு அவர் சேர்த்த அனுபவம் அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். நர்ஸிங் அல்லது உயிரியல் சார்ந்த படிப்பு முடித்தவர்கள், பயிற்சிக்குப் பிறகு மருத்துவ உதவியாளர்களாக வண்டியில் ஏறுகிறார்கள். ஆனால், வண்டிக்குப் பின்னால் பெரிய நிர்வாகமே இருக்கிறது. அழைப்பை எடுக்கும் கட்டுப்பாட்டு அறை, மாவட்ட நிர்வாகம், பயிற்சி, தரக் கண்காணிப்பு, வாகனப் பராமரிப்பு எனப் பல பிரிவுகள். அங்கே உயர வேண்டுமானால் முதலுதவி தெரிந்தால் மட்டும் போதாது.

சராசரி மறைக்கும் வீடு

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு தாலுகாவில் 10 அழைப்புகள். 9 இடங்களுக்கு 10 நிமிடத்தில் வண்டி போய்விட்டது. பத்தாவது வீடு மலைக்கிராமத்தில். அங்கே போய்ச் சேர 60 நிமிடம். சராசரி எவ்வளவு? 15 நிமிடம்தான். அறிக்கையில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால், அந்தப் பத்தாவது வீட்டில் மாரடைப்பு என்றால்?

அதனால்தான் இந்தத் துறையில் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. 'நூற்றில் 90 அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் போனோம்' என்றும் கேட்கிறார்கள். எந்த நேரத்தில் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தி வைப்பது, குறுகலான சந்துகளுக்கு பைக் ஆம்புலன்ஸ் அனுப்பலாமா, மருத்துவமனை வாசலில் நோயாளியை ஒப்படைக்க ஏன் தாமதம், தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு எப்போது ஓய்வு... இந்த முடிவுகள் ஒவ்வொன்றிலும் உயிர்கள் இருக்கின்றன. இப்படி முடிவெடுக்கத் தேவையான புள்ளியியல், நிதி, மனிதவளம், சட்டம் ஆகியவற்றைத்தான் மேற்படிப்பு கற்றுத்தருகிறது.

என்ன படிக்கலாம்?

அடித்தளம்: ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது.

மருத்துவமனை நிர்வாகம்: எம்.ஹெச்.ஏ. அல்லது எம்.பி.ஏ. படிக்கலாம். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.ஹெச்.ஏ. படிப்பு நன்கு அறியப்பட்டது.

பொது சுகாதாரம்: எம்.பி.ஹெச். படிப்பில் நோய்ப்பரவல் ஆய்வும் சுகாதாரத் திட்டமிடலும் முக்கியம். சில நிறுவனங்கள் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களையே சேர்த்துக்கொள்ளும் என்பதால், தகுதியை முதலில் பாருங்கள்.

பேரிடர் மேலாண்மை: வெள்ளம், புயல், பெரிய விபத்து நேரங்களில் கை கொடுக்கும் படிப்பு. வேலையை விட முடியாதவர்கள் இக்னோ பல்கலைக்கழகத்தின் தொலைநிலை முதுநிலை டிப்ளமாவைப் பரிசீலிக்கலாம்.

வெளிநாட்டில்: அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் அவசர சுகாதார சேவைக்கென்றே தனியாக முதுநிலைப் பட்டம் உண்டு.

சேரும் முன் கவனியுங்கள்!

* 'எம்.டி. எமர்ஜென்சி மெடிசின்' டாக்டர்களுக்கான படிப்பு. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களே சேர முடியும்.

* அவசர மருத்துவத் தொழில்நுட்பர்களும் 2021-ம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். தொழில்நுட்பப் படிப்பு எதில் சேர்ந்தாலும், அது இந்தச் சட்டத்தின்படி ஏற்கப்படுமா என்று கேளுங்கள்.

* தொலைநிலைப் படிப்பு என்றால், பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

* பட்டம் வாங்கியதும் பதவி தானாக வந்துவிடாது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதற்கு முன், வேலை பார்க்கும் இடத்தில் மேலே என்னென்ன பணியிடங்கள் இருக்கின்றன, அதற்கு எந்தப் படிப்பைக் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

* நேரடி வகுப்பு என்றால் வேலையை விட வேண்டியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து பேசி, இரண்டு வருடச் செலவுக்கு வழி செய்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

நிர்வாகம் படித்தவர்கள் நிறைய பேர் கிடைப்பார்கள். ஆனால் மலைப்பாதை வளைவுகளில் ஆடும் வண்டிக்குள், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நோயாளியைத் தாங்கியவர்கள் அதிகம் கிடைக்க மாட்டார்கள். அந்த அனுபவத்தோடு படிப்பும் சேர்ந்தால், 'அடிவாரத்தில் ஒரு வண்டி நிற்கட்டும்' என்று முடிவெடுக்கும் இடத்துக்கு அவர்கள் வருவார்கள். அன்று அந்தப் பத்தாவது வீட்டுக்கும் வண்டி நேரத்தோடு போய்ச் சேரும்!