ஜெபக் கடிதம்: மிஷனரிக் குடும்பத்தின் பாடுகளும் சில மௌனங்களும்

1

அம்பத்தூர்ப் பக்கத்துச் சபை ஒன்றில் மிஷனரி ஞாயிறு. வடக்கே ஆதிவாசிகள் மத்தியில் ஊழியம் செய்கிற குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வந்திருந்தது. கணவர் பிரசங்கம் பண்ணினார். சபை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். பிறகு அவர் மனைவியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அந்த அக்கா மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: போன புதிதில் பாஷை தெரியாது, வாடகைக்கு வீடு தரமாட்டோம் என்றார்கள், தண்ணீருக்கு ரெண்டு மைல் நடக்கணும், மூத்த பிள்ளைக்கு மலேரியா வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லை. ‘ஆனாலும் கர்த்தர் கைவிடல.’ சபை அழுதது. காணிக்கைப் பை கனத்தது. வெளியே வரும்போது பக்கத்திலிருந்த ஃபாக்டரித் தொழிலாளி ஒருவர், ‘நாம லேத்துல நின்னு என்னத்தக் கிழிச்சோம், அவங்கதான் ஊழியம்’ என்று பெருமூச்சு விட்டார்.

அந்த அக்காவின் கண்ணீரைச் சந்தேகிப்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அவர் பட்டதைத்தான் சொன்னார். ஆனால் பட்டதில் எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. அவருக்கு முன்பே ஒரு வடிவம் தீர்மானித்து வைத்திருக்கிறது. பாடு, அதில் விசுவாசம், முடிவில் ஜெபத்துக்கும் பணத்துக்குமான வேண்டுகோள். ‘ஜெபக் கடிதம்’ என்று மாதாமாதம் வீடு தேடி வரும் தாளிலும் இதே வரிசைதான். இந்த வடிவத்துக்கு இருநூறு வயசுக்கு மேல் ஆகிறது. தமிழ் மண்ணோடு அதற்குள்ள உறவும் கிட்டத்தட்ட அதே பழமையானது. அது எப்படி உருவாச்சு, யாரைப் பேச வைத்தது, யாரை வாயடைத்தது என்று பார்ப்பது நமக்கு அவசியம்.

2

1812இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த முதல் மிஷனரிக் குழுவில் சாமுவேல் நியூவெல், ஹாரியட் நியூவெல் என்ற இளம் தம்பதி இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இறங்கிய கையோடு வெளியே போ என்றது. மொரீஷியஸுக்குப் போகும் வழியில் கப்பலிலேயே ஹாரியட்டுக்குப் பிள்ளை பிறந்து, சில நாளில் செத்தது. அந்த நவம்பர் 30இல் மொரீஷியஸில் அவரும் செத்தார். வயசு 19. மிஷன் வேலை என்று ஒரு நாள்கூட அவர் செய்யவில்லை. ஆனால் அவருடைய கடிதங்களும் நாட்குறிப்பும் 1814இல் புத்தகமாக வந்து அமெரிக்காவில் பரவலாக வாசிக்கப்பட்டன. பிறந்த பெண் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஊழியம் செய்து சாதிக்க முடியாததை ஒரு சாவு, எழுத்தாகி, சாதித்தது.

மனைவியை இழந்த நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கலாம் என்று அவர் எழுதியதை ஒட்டித்தான் 1816இல் அமெரிக்கன் மிஷன் அங்கே கால் வைத்தது. பிறகு அவரும் கார்டன் ஹாலும் சேர்ந்து எழுதிய துண்டு நூல் ஒன்றை நியூயார்க்கில் ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்த நேரத்தில் படித்த ஜான் ஸ்கடர் என்ற டாக்டர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு 1819இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறினார். ஒரு பிரதி இன்னொரு குடும்பத்தைக் கடல் கடத்துகிறது. அந்தக் குடும்பத்தின் பாடு அடுத்த பிரதி ஆகிறது. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் மற்றது விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் அவர்கள் குடியேறியது தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, உடுவில் மாதிரியான ஊர்களில், போர்த்துக்கீசர் காலத்துப் பாழடைந்த கோயில்களிலும் வீடுகளிலும். கூரை போயிருந்தது, பனையோலை வேய்ந்துகொண்டார்கள். முதல் குழுவிலிருந்த வாரன் 1818இல், டானியல் பூவரின் மனைவி சூசன் 1821இல், ரிச்சர்ட்ஸ் 1822இல் செத்தார்கள். ஸ்கடரின் மூத்த குழந்தை கல்கத்தாவில் இறங்கிய சில நாளில் செத்தது. அடுத்ததும் தங்கவில்லை. ஆங்கில அரசோ புதிய அமெரிக்கர்கள் வரக்கூடாது என்று கதவைச் சாத்தியது. அச்சு வேலைக்கு வந்த காரட் 1820இல் திருப்பி அனுப்பப்பட்டார். கஷ்டம் நிஜம், சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் எழுதினார்கள். எழுதியது ‘மிஷனரி ஹெரால்டு’ பத்திரிகையில் அச்சாகி, அமெரிக்கக் கிராமத்துச் சபைகளில் வாசிக்கப்பட்டு, டாலராகத் திரும்பி வந்தது. பொய்யாக எழுதினார்கள் என்று சொல்லவில்லை. பாடு என்பது இங்கே அனுபவம் மட்டுமாக இருக்க முடியாமல் போகிறது. மிஷனின் பொருளாதாரத்துக்கு அது மூலப்பொருள்.

3

இந்த வடிவத்தில் ஆண் ‘ஊழியர்’. பெண் ‘ஊழியரின் மனைவி’. அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1836இல், மிஷனரிகள் கல்யாணம் பண்ணிக்கொண்டு போவதுதான் சரி என்று நியாயம் எழுதினார். அவர் வாதத்தில் வீடே ஒரு பிரசங்கம். கிறித்தவக் குடும்பம் எப்படி இருக்கும் என்று ‘அஞ்ஞானிகளுக்கு’க் காட்டும் மாதிரி. அதாவது புருஷனும் பெண்சாதியும் சாப்பிடுவது, தூங்குவது, பிள்ளை வளர்ப்பது எல்லாமே ஊழியக் கணக்கில் சேருகிறது. அந்த மாதிரியைக் கட்டி நிறுத்துகிற உடல் உழைப்பு முழுக்கப் பெண்ணுடையது. சம்பளக் கணக்கில் அவள் பெயர் இல்லை.

உடுவில் பெண்கள் பள்ளியை 1824இலிருந்து நடத்திய ஹாரியட் வின்சுலோவை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பெண் கல்வி வரலாற்றில் பெரிய பெயர். பள்ளியை நடத்திக்கொண்டே வரிசையாகப் பிள்ளை பெற்றார், சிலதைப் புதைத்தார். அந்தக் கால வழக்கப்படி மூத்த மகன் சார்லஸை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவன் 1832இல் அங்கே செத்துப்போனான். 1833 ஜனவரியில் அவரும் உடுவிலில் இறந்தார். 1835இல் அவருடைய வாழ்க்கை நினைவு நூலாக வந்தது. தொகுத்து எழுதியவர் கணவர் மைரன் வின்சுலோ. அவள் பட்டாள், அவன் எழுதினான். எந்தக் கடிதத்தைச் சேர்ப்பது, எந்தப் புலம்பலை வெட்டுவது என்பது அவன் கையில் இருந்தது. ஹாரியட்டின் விசுவாசம் எவ்வளவு அவருடையது, எவ்வளவு தொகுப்பாளருடையது என்று இனி பிரித்தெடுப்பது கஷ்டம்.

பிள்ளைகளை ஏன் அனுப்பினார்கள்? வெயில், காய்ச்சல், படிப்பு என்று காரணம் சொன்னார்கள். இன்னொரு காரணமும் உண்டு: வேலைக்காரர்களோடு பேசிப் பழகி ‘சுதேசிப் பிள்ளைகள்’ ஆகிவிடுவார்கள் என்ற பயம். ஊரை மாற்ற வந்தவர்களுக்கு ஊர் தங்கள் பிள்ளைகளை மாற்றிவிடுமோ என்ற நடுக்கம்! ஸ்கடரின் பேத்தி ஐடாவையும் சிறு வயசிலேயே அமெரிக்காவில் உறவினரிடம் விட்டுவிட்டுத்தான் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். மிஷனரியாக வரவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் பிறகு வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டினார். உடுவில் வீட்டு வம்சத்தில் இன்னொரு கிளை உண்டு. ஹாரியட் வின்சுலோவின் மகள் சென்னையில் மிஷனரியாக இருந்த ஜான் வெல்ஷ் டல்லஸைக் கட்டினார். அவர்களுடைய பேரன்கள்தான் பனிப்போர் காலத்து அமெரிக்க வெளியுறவு மந்திரி ஜான் ஃபாஸ்டர் டல்லஸும் சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸும். இதை வைத்து ‘மிஷனே ஏகாதிபத்திய உளவு’ என்று குதிக்க வேண்டாம். ஒரே வம்சத்திலிருந்து பள்ளிக்கூடமும் வருகிறது, பேரரசும் வருகிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

4

இனி மௌனங்கள். பாஷை தெரியாத குடும்பம் ஓர் ஊரில் தானாகக் குடியேற முடியாது. தமிழ் சொல்லிக் கொடுத்த முன்ஷி, தண்ணீர் சுமந்தவள், சமைத்தவன், பிரசவம் பார்த்தவள், குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிய ஆயா என்று எத்தனை பேர்! கடிதங்களில் இவர்கள் பெரும்பாலும் ‘ஒரு சுதேசி’. பெயர் கிடைத்தாலும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. மிஷன் பள்ளியில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கரின் பெயரையோ, அவர் சொன்ன பெயரையோ அந்தப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்களில் முன்பாதி வந்த வழி அது. காணிக்கை கொடுத்தவன் பெயர் வாங்கியவன் தலையில்!

1836இல் ஸ்கடரும் வின்சுலோவும் சென்னைக்கு வந்து சிந்தாதிரிப்பேட்டையில் வேரூன்றினார்கள். 1862இல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதி இன்றும் ‘வின்சுலோ அகராதி’தான். யோசப் நைட் தொடங்கி, தமிழ்ப் பண்டிதர்கள் பல வருஷம் சொல் சொல்லாகக் கோத்துக் கொடுத்தது அது. பண்டிதரின் உழைப்பு முன்னுரைக்குள் முடங்கியது. அதற்காகச் சுதேசி என்றால் எல்லோரும் ஒரே ஒடுக்கப்பட்ட கூட்டம் என்றும் நினைக்கக்கூடாது. வட்டுக்கோட்டைச் செமினரியில் படிக்க வந்த வெள்ளாளப் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தீட்டுக்கு மிஷன் வளைந்துதான் கொடுத்தது. முன்ஷியின் மௌனமும் தண்ணீர் சுமந்தவளின் மௌனமும் ஒன்றல்ல. இரண்டாவது மௌனத்துக்கு முன்ஷியும் பொறுப்பு.

5

சரி, இது வெள்ளைக்காரன் கதைதானே, அம்பத்தூருக்கு என்ன? இங்கேதான் விஷயம் நம் வீட்டுக்குள் வருகிறது. 1903இல் பாளையங்கோட்டையில் தமிழர்களே இந்திய மிஷனரிச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். நைஜாம் ராஜ்ஜியத்தில் இருந்த டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். 1909இல் வேதநாயகம் அசரியாவே மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் அங்கே போனார். முதலில் கூடாரத்தில் குடியிருப்பு, புதிதாகத் தெலுங்கு. 1910இல் எடின்பரோ மாநாட்டில், எங்களுக்கு எல்லாம் கொடுத்தீர்கள், இனி நண்பர்களாக வாருங்கள் என்ற பொருளில் வெள்ளை மிஷனரிகளை முகத்துக்கு நேராகக் கேட்டவர் இவர். சரியான கேள்வி. ஆனால் டோர்னக்கலின் மாலா, மாதிகா மக்கள் அதே கேள்வியைத் தமிழ் ஐயரிடம் திருப்பிக் கேட்டிருந்தால்? கேட்டார்களா என்று நம்மிடம் இருக்கும் பிரதிகள் சொல்வதில்லை. கடிதம் எழுதுகிற கை மாறியது; கடிதம் மாறவில்லை.

1950களின் இறுதியில் திருநெல்வேலி இளைஞர்களின் ஜெபக்குழுக்களிலிருந்து நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு மாதிரியான அமைப்புகள் கிளம்பின. அந்நியப் பணத்தை நம்பாமல், உள்ளூர்ச் சின்னச் சின்னக் குழுக்கள் மாதம் இவ்வளவு என்று சேர்த்து ஒரு மிஷனரியைத் தாங்குகிற ஏற்பாடு. அதே பத்தாண்டுகளில்தான் தெற்குச் சீமையிலிருந்து ஆட்கள் சென்னைக்கு மேற்கே வந்து இறங்கினார்கள். டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆவடியின் ராணுவத் தொழிற்சாலைகள். பூந்தமல்லி வரை சபைகள் முளைத்தன. சொந்த ஊரை விட்டு ஷிஃப்ட் வேலைக்கு வந்தவனுக்கு ஜெபக் கடிதம் தன் வாழ்க்கைக்கு இல்லாத ஓர் அர்த்தத்தைக் கொடுத்தது. லேத்துத் தொழிலாளியின் பெருமூச்சு அதுதான். அவனும் புலம்பெயர்ந்தவன்தான், அவன் பட்டதைச் சாட்சி சொல்ல மேடை கிடையாது.

இந்தக் குடும்பங்கள் போன இடங்களில் ஒன்று ராஜ்மகால் மலை. அங்கே பகாடியா மக்கள் பேசும் மால்தோ ஒரு திராவிட மொழி. தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். மலேரியாவும் காலா அசாரும் அந்த மக்களை வாரிக்கொண்டு போன மலை அது. கடிதத்தில் காய்ச்சல் மிஷனரியின் பாடாக வருகிறது. அதே கொசு தலைமுறை தலைமுறையாகக் கடித்தவர்களின் பாடு ‘இருண்ட தேசம்’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோகிறது. பிள்ளைகள் மறுபடி விடுதிக்குப் போகிறார்கள். மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று டோனாவூரில் பள்ளி இருக்கிறது. அப்பா அம்மாவை லீவில் பார்க்கிற பிள்ளையின் கடிதம் மட்டும் எங்கேயும் அச்சாவதில்லை.

6

இப்படி எழுதுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது, மறைப்பதற்கில்லை. 1998 கிறிஸ்மஸ் நாளில் தொடங்கி குஜராத்தின் டாங்ஸில் ஆதிவாசிகளின் ஜெபவீடுகள் தாக்கப்பட்டன. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் 10 வயசு பிலிப்பும் 6 வயசு திமொத்தியும் ஜீப்புக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எரித்தவர்களும் ‘மிஷனரி விமர்சனம்’தான் பேசினார்கள். அவர்களோடு நம் விமர்சனத்துக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஆதிவாசி பேசாமல் இருப்பது. நமக்கு வேண்டியது பேசுவது. மதம் மாறுகிற உரிமை ஆதிவாசியுடையது. அதைக் கொடுக்கவோ பிடுங்கவோ நாம் யார்?

இந்த இடத்திலும் வடிவத்தின் வேலையைக் கவனிக்கலாம். விதவையான கிளாடிஸ் மன்னித்ததை, தொழுநோயாளர் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தியதை உலகமே அறியும், அறிய வேண்டியதுதான். அதே 1999இல், மயூர்பஞ்ச் மாவட்டத்தில், ஆகஸ்டில் ஷேக் ரஹ்மான் என்ற வியாபாரி கொல்லப்பட்டார். செப்டம்பரில் ஆதிவாசிகள் மத்தியில் வேலை செய்த அருள்தாஸ் என்ற தமிழ்க் கத்தோலிக்கப் பாதிரியார் கொல்லப்பட்டார். மூன்று வழக்குகளிலும் அடிபட்ட பெயர் தாரா சிங்தான். நம்மில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர்கள் தெரியும்? பாதிரியாருக்குக் குடும்பம் இல்லை. ரஹ்மானுக்குக் கடிதம் எழுதும் மிஷன் இல்லை. பாட்டுக் கதையாடலில் இடம் பிடிக்க வெறும் சாவு போதவில்லை.

விசுவாசத்தை ‘மயக்கம்’ என்று ஒதுக்கிவிட்டு நாம் கரை ஏறிவிட முடியாது. பனையோலைக் கூரைக்குக் கீழே பிள்ளையைப் புதைத்த பிறகும் அடுத்த நாள் பள்ளிக்கூடம் திறந்தவர்களைத் திறக்க வைத்தது எதுவோ, அதற்கு மரியாதை உண்டு. நமக்குத் தேவை மற்றக் கடிதங்கள். மொழி சொல்லிக் கொடுத்தவர்கள், விடுதிப் பிள்ளைகள், ‘ஊழியரின் மனைவி’யாக மட்டும் பதிவானவர்கள் ஆகியோரின் வாய்மொழியைச் சேர்க்க வேண்டும். ஆவடி, அம்பத்தூரில் ஓய்வுக்கு வந்து தங்கியிருக்கும் பழைய மிஷனரிக் குடும்பங்களிலிருந்தே தொடங்கலாம்.

அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் அந்த அக்காவிடம் போய், ‘உங்களுக்கு அந்த பாஷைய யாருக்கா சொல்லித் தந்தா?’ என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. ‘பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி உண்டு தம்பி. தப்பாச் சொன்னா முதுகுல ஒண்ணு வைப்பா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு ராத்திரி முழிச்சிருந்தவளும் அவதான்.’ மேடையில் இதைச் சொல்லவில்லையே என்றேன்.

‘அதெல்லாம் யாரு கேக்கப் போறா தம்பி?’ என்றார்.