கோப்புக்கு இடம் எங்கே?

சீனன்குடாப் பக்கம் சென்றவர்கள், காட்டு மரங்களுக்கிடையே வரிசை வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டிருப்பர். ஆங்கிலேயர் தம் கடற்படையின் தேவைக்காக அமைத்தவை அவை. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் எண்ணெய் கொள்ளும். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அவற்றுள் 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திற்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், எஞ்சிய 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திற்கும் ஒதுக்கப்பட்டன. அப்பங்கீட்டின் அரசியல் நமக்கு இங்கு வேண்டியதன்று. ஆனால் எந்தச் சரக்கை எந்த இடத்தில் வைப்பது, இறங்குதுறைக்கு அருகிலா, மேட்டுக்கு அப்பாலா, ஒன்றாகவா, பிரித்தா என்னும் கேள்வி, களஞ்சியம் காப்போன் எவனுக்கும் உரிய கேள்வியாகும். நம் வீட்டு மேசை மீதிருக்கும் கணினி இதே கேள்விக்கு நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை விடை காண்கின்றது என்பதைப் பலர் அறியார்.

அறிந்து ஆவதென்ன என்று கேட்போரும் உளர். போரினாலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பறிகொடுத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் பல. பட்டது போதும் என்று, இருக்கும் பத்திரங்களைப் படமெடுத்துக் கணினியின் வன்தட்டில் சேர்த்து வைக்கும் வீடுகள் இன்று உண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டமோ, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக இவ்வாறு சேர்த்து வருகின்றது. சேர்த்தது விரைவில் கைக்கு வருமா, மின்சாரம் நின்றால் நிலைக்குமா என்பதெல்லாம் வன்தட்டில் இடம் ஒதுக்கும் முறையோடு தொடர்புடையவை.

வன்தட்டின் பரப்பு முழுவதும் சிறு சிறு கட்டங்களாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு கட்டத்தின் கொள்ளளவு பெரும்பாலும் 4,096 பைற்று. ஒரு கோப்பு இக்கட்டங்களுள் எவற்றில் குடியிருக்கின்றது என்று பதிவு வைத்துக்கொள்ளும் கணக்கப்பிள்ளையே ‘கோப்பு முறைமை’ எனப்படுவது. தட்டின் மேல் ஒரு கரம் முன்னும் பின்னும் நகர்ந்து கட்டங்களை வாசிக்கும். தொல்லை எல்லாம் இக்கரத்தால் வருவதே.

2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அக்கரை செல்வோர் ‘பாதை’ எனப்பட்ட மிதவைக்காகக் கரையில் காத்து நின்றதை மூத்தோர் மறந்திரார். கடக்கும் நேரம் சிறிது. காத்திருக்கும் நேரமே பெரிது. நூறு மூடை நெல்லை ஒரே முறையில் ஏற்றிச் சென்றவன் பிழைத்தான். மூடைக்கொரு முறை காத்து நிற்பவன் கதி என்ன? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டொன்றில், கரம் உரிய வட்டத்தை அடையச் சராசரியாக 9 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய கட்டம் சுழன்று கரத்தின் கீழ் வந்து சேர இன்னும் 4 மில்லிசெக்கன் ஆகும். கட்டத்தை வாசிக்கும் வேலைக்கோ ஒரு மில்லிசெக்கனில் நூற்றில் மூன்று பங்கே போதும். 100 மெகாபைற்று அளவுள்ள நூற்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 25,600 கட்டங்கள் வேண்டும். அவை அனைத்தும் மூலைக்கொன்றாய்ச் சிதறிக் கிடப்பின், வாசித்து முடிக்க ஐந்தரை நிமிடம் செல்லும். அடுத்தடுத்து இருப்பின், செக்கனுக்கு 150 மெகாபைற்று வாசிக்கும் தட்டில் ஒரு செக்கனும் ஆகாது!

ஆயின், எல்லாக் கோப்பையும் அடுத்தடுத்தே வைத்துவிடலாமே எனில், அங்கேதான் சிக்கல். உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் மூவகை ஒதுக்கீடுகளைக் கற்கின்றனர். முதலாவது அடுத்தடுத்த ஒதுக்கீடு. விரைவில் இதற்கு நிகரில்லை. ஆனால் கோப்பு வளரும்போது பக்கத்து இடத்தில் வேறொருவன் குடியேறியிருப்பான். அழித்த கோப்புகள் விட்டுச்சென்ற சிறு இடைவெளிகள் எங்கும் கிடக்கும். கூட்டினால் இடம் ஏராளம், பெரிய கோப்புக்கோ ஓரிடத்தில் இடமில்லை. இரண்டாவது இணைப்பு ஒதுக்கீடு: ஒவ்வொரு கட்டமும் அடுத்ததன் முகவரியைக் கூறும். இடம் வீணாகாது, ஆனால் ஐந்நூறாவது கட்டத்தை அடைய முன்னுள்ள 499 வீட்டிலும் வழி கேட்டுச் செல்லவேண்டும். மூன்றாவது, கட்டங்களின் முகவரிகளை எல்லாம் ஒரே அட்டவணையில் எழுதி வைக்கும் சுட்டி ஒதுக்கீடு.

பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யூனிக்ஸ் முறைமை கைக்கொண்டது இம்மூன்றாவது வழியையே. அதிலும் ஒரு குறை விரைவில் தெரிந்தது. காலிக் கட்டங்களின் பட்டியலில் கடைசியாகக் காலியானதே முதலில் வழங்கப்பட்டது. புதுத் தட்டில் பட்டியல் ஒழுங்காக இருக்கும். கோப்புகள் அழிந்தும் பிறந்தும் வர, அது சீட்டுக்கட்டைக் கலைத்தாற்போல் ஆகிவிடும். தொடக்கத்தில் செக்கனுக்கு 175 கிலோபைற்று வழங்கிய தட்டு, சில வாரங்களில் 30 கிலோபைற்றுக்கு இறங்கியது. பொறி பழுதுபடவில்லை, இடம் கொடுத்த முறையே பழுது.

இதனைச் சீர்செய்தோர் கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார். மக்கூசிக், ஜோய், லெவ்லர், வாப்ரி ஆகிய நால்வர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடமாகப் பயிலப்படுகின்றது. கட்டத்தை 4,096 பைற்றாகப் பெருப்பித்தல் அவர்களுடைய முதல் மாற்றம். ஆனால் சிறு கோப்புகளே மிகுதியாதலின், அவர்கள் தம் தட்டுகளிலேயே அளந்து பார்த்தபோது நூற்றுக்கு 45.6 பங்கு இடம் வீணாயிற்று. கிட்டங்கியில் ஒரு மூடை மிளகாய்க்கு ஓர் அறை முழுவதையும் கொடுப்பது போன்ற வேலை அது! ஆகவே பெருங்கட்டத்தைத் துண்டுகளாக்கிச் சிறு கோப்புகளுக்குத் துண்டளவில் வழங்கினர்.

அவர்கள் செய்த இரண்டாவது ஏற்பாட்டையே நாம் பெரிதும் மெச்சுகிறோம். தட்டைப் பல குழுக்களாக வகுத்து, ஒரே கோப்புறையைச் சேர்ந்த கோப்புகளை ஒரே குழுவில் குடியமர்த்தினர். ஒரு கடைக்காரன் சரக்கெல்லாம் ஒரே கிட்டங்கியில் இருந்தால் எடுப்பது எளிதன்றோ? புதிய கோப்புறைக்கோ காலியிடம் மிக்க வேறு குழுவைத் தேர்ந்தனர். பெரிய கோப்பொன்று 48 கிலோபைற்றைக் கடந்தவுடன் அதனை வேறு குழுவுக்கு அனுப்பினர். அதன் பின் ஒவ்வொரு மெகாபைற்றுக்கும் ஒருமுறை குழு மாற்றினர். சேர்த்து வைப்பதே நோக்கம் எனில் பிரிப்பானேன்? பெருங்கோப்பு ஒன்று குழு முழுவதையும் அடைத்துக்கொண்டால், பின்னர் வரும் அதன் சிறு துணைகள் நாடு கடத்தப்படும். ஒரு மெகாபைற்றை வாசிக்கும் நேரத்தோடு ஒப்பிட, ஒருமுறை கரம் நகர்வது பெரிய இழப்பன்று. ஒற்றுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று கணக்குப் பார்த்துக் கண்ட முடிவு அது.

மேலும், தட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கை எப்போதும் காலியாக விட்டனர். முற்றும் நிறைந்த கிட்டங்கியில் தேர்வுக்கே இடமில்லை; கிடைத்த மூலையில் போடவேண்டியதே. பழைய முறைமை தட்டின் வேகத்தில் நூற்றுக்கு நான்கு பங்கையே பயன்படுத்திற்று. புதியது 47 பங்கு வரை பயன்படுத்தியது.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பழைய முறைமையில் சிதறல் மலிந்து, கட்டங்களை மறுபடியும் வரிசைப்படுத்தும் நிரலை இரவு முழுவதும் ஓடவிட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். அதனை இங்கு விரிக்கவேண்டியதில்லை.

லினக்ஸ் முறைமையில் 2008ஆம் ஆண்டின் இறுதியில் நிலைபெற்ற ‘எக்ஸ்ற் நான்கு’, கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணாமல், ‘இந்த இடத்திலிருந்து இத்தனை’ என நீள்தொடராக எழுதி வைக்கும். ஒரு தொடர் 128 மெகாபைற்று வரை நீளலாம். அதன் ஒதுக்கீட்டு நுட்பங்களை விளக்கி அவ்வாண்டு ஒட்டாவா நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டுக்கு நால்வர் எழுதிய கட்டுரையில் முதலில் நிற்கும் பெயர் அனீஷ் குமார். அந்நுட்பங்களுள் ஒன்று தாமத ஒதுக்கீடு. நிரல் எழுதச் சொன்னவுடன் இடம் கொடுக்காமல், தரவைத் தற்காலிக நினைவகத்தில் நிறுத்தி வைத்து, கோப்பு எவ்வளவு பெரிதாகின்றது என்று பார்த்த பின் மொத்தமாக இடம் ஒதுக்குவர். வண்டிகள் எல்லாம் வந்து சேரட்டும், பின்னர் அறையைத் திறப்போம் என்று காத்திருக்கும் கிட்டங்கிக்காரனின் புத்தி இது.

ஆனால் வண்டி வாசலில் நிற்கும்போது மழை வந்தால்? 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கணினி திடீரென நின்றபின் தம் கோப்புகள் ஒரு பைற்றும் இன்றி வெறுமையாய்க் கிடந்ததைச் சிலர் கண்டனர். பழைய முறைமை ஏறத்தாழ ஐந்து செக்கனுக்கொருமுறை தட்டில் பதிந்துவந்தது. புதியதிலோ அத்தாமதம் ஒரு நிமிடம் வரை நீளக்கூடியதாயிருந்தது. உடனே பதியவேண்டுமெனில் அதற்குரிய கட்டளையை நிரல் எழுதுவோர் இடவேண்டும் என்று முறைமையின் பொறுப்பாளர் தியோடர் ட்ஷோ வாதிட்டார். நூல் பிரகாரம் அவர் கூற்று சரியே. எனினும், இழந்தவனுக்குத் தருக்கம் ஆறுதலாகுமா? பழைய கோப்பை மாற்றி எழுதும் வேளைகளில் இடத்தை உடனே ஒதுக்கும் திருத்தத்தை அவரே சேர்த்தார்.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. பரீட்சைக் கட்டுரையைச் சேமித்துவிட்டேன் என்று எழுந்த மாணவன் ஒருவனுக்கு, விளக்கு அணைந்த அந்த ஒரு நிமிடத்தில் கட்டுரை தட்டிலா, நினைவகத்திலா என்பது சிறிய கேள்வியன்று.

இப்பொழுது பரவிவரும் திண்மநிலைச் சேமிப்பகங்களில் சுழலும் தட்டுமில்லை, நகரும் கரமுமில்லை. அங்கே சிதறலால் வரும் இழப்பு மிகக் குறைவு. வரிசைப்படுத்தும் நிரலை ஓட்டுவது பயனற்றது மட்டுமன்று, எழுதியெழுதி அதன் ஆயுளையும் தேய்க்கும். ஆயினும் பெருந்தொகையான படிகளை மலிவாகச் சேர்த்து வைக்க வன்தட்டே இன்னும் பல இடங்களில் உதவுகின்றது. இருவகையிலும் தாமதம் உண்டு. பத்திரங்களைப் படியெடுத்த வெளித்தட்டைக் கழற்றுமுன் ‘பாதுகாப்பாக அகற்று’ என்று கணினிக்குக் கட்டளையிட்டால், நினைவகத்தில் தங்கி நிற்பவற்றுக்கு அது அப்போதே இடம் ஒதுக்கித் தட்டில் எழுதி முடித்துவிடும். சில செக்கன்கள் கழித்து, இனி எடுக்கலாம் என்ற அறிவிப்பு திரையில் வரும்.