தங்க முலாமுக்கு அடியில் யார் ஒளிந்திருக்கிறார் தெரியுமா?

கவரிங் தோடு போட்ட காது மடல் சிவந்து, அரித்து, நீர் வடிகிறதா? "எனக்குத் தங்கம் தவிர எதுவும் ஒத்துக்காதுக்கா" என்ற பேச்சு காத்திவாக்கத்துக் குழாயடியிலும் ரயில் பெட்டியிலும் சாதாரணமாகக் காதில் விழும். பழி பித்தளைமேல் போகும். உண்மையான ஆள் பெரும்பாலும் நிக்கல்!

அது எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கத்துத் திருவொற்றியூரில் 1950-களில் தொழிற்சாலை கண்ட புல்லட் பைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். குரோம் பூசிய பாகங்களில் கண்ணைப் பறிக்கும் குரோமியம் மெல்லிய மேல்பூச்சுதான். அதன் அடியில் கனமான நிக்கல் படலம். பல ஃபேன்சி நகைகளிலும் முலாமுக்கு அடியில் அதே நிக்கல்! முலாம் தேய்ந்ததும் அது நேரே தோலைத் தொடுகிறது.

தொட்டால் மட்டும் போதாது, வியர்வையும் வேண்டும். வியர்வையின் உப்பு நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க, கரைந்தது தோலுக்குள் இறங்கி நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்புச் செல்கள் அதை அந்நியனாகப் பார்த்துச் சண்டைக்குக் கிளம்புகின்றன. எண்ணூர்ப் பக்கத்துப் புழுக்கத்தில் கழுத்து எப்போது காய்ந்திருக்கிறது, சொல்லுங்கள்!

எலிக்கு இந்த அலர்ஜி எளிதில் வராது தெரியுமா? நம் செல்களில் உள்ள டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பியில் நிக்கல் வந்து பற்றிக்கொள்ள வசதியான இடம் இருக்கிறது. எலியின் ஏற்பியில் அது இல்லை. 2010-இல் வெளியான ஆய்வு காட்டிய அதிசயம் இது.

இன்னொரு தந்திரமும் உண்டு: அரிப்பு உடனே வராது. போட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். அதற்குள் நேற்றுச் சாப்பிட்ட கருவாட்டின்மேல் பழி விழுந்துவிடும்! தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் காத்திருப்பது இதனால்தான். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அப்படியே.

நெஞ்சில் மட்டும் ரூபாய் அளவுக்குத் தடிப்பு இருக்கிறதா? தாலிச் சரட்டில் கோர்த்து வைத்திருக்கும் ஊக்குகளைப் பாருங்கள். தாலி தங்கமாக இருக்கும். ஊக்கில் நிக்கல் பூச்சு இருக்கலாம். தொப்புளுக்குக் கீழே அரித்தால் ஜீன்ஸ் பட்டன்!

ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது தெரியுமா? செம்பு, துத்தநாகம், நிக்கல், அவ்வளவுதான். வெள்ளி என்று நம்பிக் கொலுசு வாங்குகிறவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

காசும் விடுவதில்லை. ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்கள், நகைக்கு ஐரோப்பா விதித்த வரம்பைவிட 240 முதல் 320 மடங்கு நிக்கலைக் கசியவிட்டதாக 2002-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது!

வீட்டிலேயே பிடிக்கவும் வழி உண்டு. டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலைப் பஞ்சில் நனைத்து நகையில் அரை நிமிடம் தேயுங்கள். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது. வாங்கும்போது "நிக்கல் இருக்கா?" என்று கேட்க வெட்கப்படவே வேண்டாம்.

அப்படியானால் எதைப் போடுவது? 916 முத்திரையுள்ள 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம், மீதி வழக்கமாகச் செம்பும் வெள்ளியும். காதுகுத்துக்குத் தங்கக் கம்பியைத் தேர்ந்த நம் ஆசாரிகளின் கைவழக்கம் எவ்வளவு நல்லது! புதுத் துளையில்தான் நிக்கல் ரொம்ப எளிதாக உள்ளே போகிறது. ஒயிட் கோல்டு என்றால் கேட்டு வாங்குங்கள், சிலவற்றில் வெண்மையே நிக்கலால் வருவது. சர்ஜிக்கல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு. கசிவது மிகக் குறைவு என்பதால் பலருக்குத் தாங்கும், கடுமையான அலர்ஜிக்காரருக்கு உறுதியில்லை.

தங்கம் கட்டுப்படியாகாதா? தூய டைட்டானியம் கேளுங்கள். கடல்நீரே அரிக்காத உலோகம், எலும்புக்குள் வைக்கும் உலோகம்! அதன் தாது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கறுப்பாகக் கிடக்கிறது தெரியுமா?