ரோந்து போலீஸின் மடக்குக் கத்தி

2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கம் உள்ள கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 1949-இல் மழைப் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு மழை பெய்ததில்லை. துபாய்ச் சாலைகளில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. வண்டிக்குள்ளேயே சிக்கி இறந்தவர்களும் உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்பு ஓமனின் சமத் அல் ஷான் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியை வாதி என்னும் வறண்ட ஆற்றுப்படுகையில் பெருகிய வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

வளைகுடாவில் ரோந்து போகும் போலீஸ்காரர் எந்த மாதிரிக் கத்தி வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் அந்த நாட்களிலிருந்துதான் விடை தேடுவேன். சண்டைக்கு அவருக்குக் கத்தி தேவையில்லை. அதற்கு வேறு கருவிகள் உண்டு. சீட் பெல்ட்டை அறுக்க, கயிற்றை வெட்ட, காயத்தின் மேல் ஒட்டிய துணியைக் கிழிக்க, பிளாஸ்டிக் கைவிலங்கை எடுக்க, வழியில் விழுந்த சரக்குக் கட்டைப் பிரிக்க என்று அவர் கத்திக்கு வரும் வேலை எல்லாம் யாரையாவது, எதையாவது விடுவிக்கும் வேலை. வாங்கும்போது இதை மனதில் வைத்தால் கடையில் பளபளக்கும் பாதிக் கத்திகள் தாமாகவே கழிந்துவிடும்.

முதலில் பெல்ட். அமீரகத்தில் 2017 ஜூலை முதல் பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டே ஆக வேண்டும்; தவறினால் 400 திர்ஹாம் அபராதம். நல்ல சட்டம். அதனாலேயே ஒரு வண்டி கவிழ்ந்தால் நான்கைந்து பெல்ட்டுகளை அவிழ்க்க வேண்டி வரும். தலைகீழாகத் தொங்கும் ஆளின் எடை பெல்ட்டை இறுக்கும்போது பொத்தான் வேலை செய்யாமல் போகலாம். பெல்ட் நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர். இரண்டு டன்னுக்கு மேல் இழுவையைத் தாங்கும். சாதாரணக் கூர்வாய் புதிதாக இருக்கும்வரை அதை அறுக்கும், மழுங்கினால் வழுக்கும். ரம்பப் பல் வைத்த வாயில் பல்லின் நுனி இழையைக் கவ்விப் பிடிக்க, பள்ளத்துக்குள் இருக்கும் கூர் அறுக்கிறது. அந்தக் கூர் தரையிலோ தகரத்திலோ படுவதில்லை என்பதால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இன்னும் பாதுகாப்பானது கொக்கி வெட்டி. பிளேடு உள்ளே ஒளிந்திருக்க, பெல்ட் மட்டும் நுழையும் வாய் அதற்கு. தோள்பக்கம் விறைப்பாக இருக்கும் இடத்தில் மாட்டிச் சாய்வாக இழுத்தால் அறுந்துவிடும். அதற்கு முன்னால் ஆளை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் கழுத்து மடங்கக் கூரையில் விழுவார்.

அடுத்து முனை. ஓமன் கொடியில் கஞ்சர் என்னும் குறுவாள் இருக்கிறது. அதைச் செய்யும் கைவினையையும் அணியும் மரபையும் யுனெஸ்கோ 2022-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வளைந்து கூர்ந்து முடியும் அதன் அழகு அதற்குரிய விழாக்களில் நிற்கட்டும். நசுங்கிய காருக்குள், இருட்டில், பதறித் துடிக்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே கத்தியை நுழைக்க வேண்டியவருக்குக் கூர்முனை ஆபத்து. முதுகு வளைந்து இறங்கி முனை மொட்டையாக முடியும் அலகைக் கப்பல் மாலுமிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆடும் தளத்தில் கயிறு அறுக்கும்போது யாரையும் குத்தாது. மீட்புக் கத்திகள் பலவும் இந்த வடிவையே எடுத்துக்கொண்டன. ஏழெட்டு சென்டிமீட்டர் அலகு போதும்.

எஃகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளைகுடாவின் காற்று எஃகுக்குப் பகை. வளைகுடா நீர் திறந்த பெருங்கடலைவிட உப்பு மிகுந்தது. கோடையில் கடலிலிருந்து எழும் ஈரம் அந்த உப்போடு எல்லாவற்றின் மேலும் படிகிறது. இடுப்பில் இருக்கும் கத்தி கூடவே வியர்வையிலும் ஊறுகிறது. நம் ஊரில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள் தினமும் மரத்தில் உரசி, எண்ணெய் கண்டு பிழைத்துக்கொள்ளும். சும்மா கிடந்தால் ஒரே மழைக்காலத்தில் செம்மண் நிறமாகிவிடும். போலீஸ் கத்தி பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குரோமியம். ஏறத்தாழ 11 சதவீதத்துக்கு மேல் அது இருந்தால் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படர்ந்து இரும்பைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்து உள்ளே குழி பறிக்கிறது. இன்னொரு சிக்கல் கார்பன். கத்தி கூர் நிற்க எஃகு கெட்டியாக வேண்டும், கெட்டியாக்குவது கார்பன், அதே கார்பன் குரோமியத்தைப் பிடித்து கார்பைடு துகள்களாக்கிவிடுகிறது. அப்படிச் சிறைப்பட்ட குரோமியம் காவலுக்கு உதவாது. டி2 என்னும் எஃகில் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அது துருப்பிடிப்பது இதனால்தான், அதில் கார்பன் ஒன்றரை சதவீதம். விலை மலிவு, கூர் நன்றாக நிற்கும் என்று பலரும் டி2 கத்தி வாங்குகிறார்கள். துபாய்க்கும் தோஹாவுக்கும் நான் அதைச் சொல்லமாட்டேன்.

வழி கண்டவர்கள் கார்பனின் வேலையில் ஒரு பங்கை நைட்ரஜனுக்குக் கொடுத்தார்கள். எச்1, எல்சி200என் ஆகிய எஃகுகள் அந்த வகை. கடலில் முக்குளிப்பவர்களின் கத்திகளில் இவற்றைக் காணலாம். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வெளிவந்த மேக்னாகட் வேறு வழியில் போனது. அதன் கலவையில் குரோமியம் கார்பைடாக மாறாதபடி பார்த்துக்கொண்டதால் இருக்கும் குரோமியம் முழுவதும் காவலுக்குக் கிடைக்கிறது. கூரும் நிற்கும், துருவும் எளிதில் அண்டாது, விலைதான் கையைக் கடிக்கும்.

மணலை மறந்துவிடக் கூடாது. ஷமால் காற்று வீசும் நாட்களில் மாவு போன்ற தூசி எல்லா இடுக்கிலும் ஏறும். திறந்து மூடும்போது சறுக்குவதற்காகக் கீல்மூட்டில் குண்டு பேரிங் வைத்த கத்திகள் இன்று நாகரிகம். மணல் புகுந்தால் முதலில் கரகரப்பவையும் அவைதான். தட்டையான வெண்கல வாஷர் வைத்தது தாங்கும். முதுகுப்பக்கம் திறந்திருக்கும் பிடியானால் குழாயடியில் காட்டி அலசிவிடலாம். எண்ணெய் தூசியை இழுக்கும்; அதனால் உலர் மசகு நல்லது. பிடி அலுமினியமாக இருந்தால் வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுக்கும்போது சுடும். கண்ணாடியிழை கலந்த நைலான் சுடாது, நனைந்த கையிலும் நழுவாது. நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். விபத்து இடத்தில் கீழே விழுந்த கறுப்புக் கத்தி கிடைக்காது.

ஒரு கையால் திறக்க முடிய வேண்டும், மறு கை யாரையோ தாங்கிக்கொண்டிருக்கும். ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த கத்தியில் அலகில் கட்டைவிரலுக்கு வட்டத் துளையும், பையின் விளிம்பில் மாட்டக் கிளிப்பும் இருந்தன. இன்று பார்க்கும் மடக்குக் கத்திகளில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை. துளை இருந்தால் கையுறையோடும் திறக்கலாம். திறந்த அலகு விரல்மேல் மடங்காதபடி பூட்டு உறுதியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே அழுத்திப் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கண்ணாடி. பல மீட்புக் கத்திகளின் பின்முனையில் டங்ஸ்டன் கார்பைடு மூக்கு இருக்கும். பக்கக் கண்ணாடி பதப்படுத்தியதாக இருந்தால், அதன் மேல்தோல் அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கும்; மூக்கு தோலைத் துளைத்த கணத்தில் முழுக் கண்ணாடியும் கற்கண்டுத் துண்டுகளாகக் கொட்டிவிடும். நடுவில் குத்தாமல் மூலையில் குத்துவதே சரி. ஆனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய வகை விரிசல் விடுமே தவிர விழாது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் ஆறு கருவிகளைச் சோதித்தபோது நான்கு பதப்படுத்திய கண்ணாடியை உடைத்தன. ஒட்டுக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் மீட்புக் கத்தியில் ஒட்டுக் கண்ணாடிக்கென்றே தனி ரம்பம் வைத்திருக்கிறார்கள். ரோந்து வண்டியில் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முன்கண்ணாடி எல்லாக் கார்களிலும் ஒட்டுக் கண்ணாடி. புதிய கார்கள் பலவற்றில் பக்கக் கண்ணாடியும் அப்படியே ஆகிவருகிறது.

வளைகுடாவில் வண்டி ஓட்டும் நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் பையில் கத்தி போட்டுக்கொள்ள வேண்டாம். போலீஸ்காரரிடம் இருக்கும்போது கருவியாக இருப்பது, காரணமின்றி நம்மிடம் இருந்தால் ஆயுதமாகக் கருதப்பட்டு வழக்கில் கொண்டுவிடும். கொக்கி வெட்டியும் கண்ணாடி உடைக்கும் மூக்கும் சேர்ந்த சிறு கருவி போதும். அதை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைக்காமல், பெல்ட் போட்டபடி கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். பிறகு உங்கள் வண்டியின் ஒவ்வொரு பக்கக் கண்ணாடியிலும் கீழ்மூலை முத்திரையைப் படித்துப் பாருங்கள். எது பதப்படுத்தியது, எது ஒட்டியது என்று பெரும்பாலும் அதில் அச்சிட்டிருக்கும். முன்கதவில் ஒட்டுக் கண்ணாடியும் பின்கதவில் பதப்படுத்தியதும் உள்ள வண்டிகள் உண்டு. அப்படியானால் வெளியேறும் வழி பின்சீட்டுப் பக்கம்.