நீதிபதி லாண்டிஸ்: நியமனமும் வர்க்கச் சார்பும்

ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி நீதிபதிகளை ஜனாதிபதி, செனற் சபையின் சம்மதத்துடன் ஆயுட்காலப் பதவியில் அமர்த்துகிறார். ஆகவே நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பேசுமுன், நியமிக்கப்பட்டவர் எவ்வழி வந்தவர் என்பதை நாம் நோக்குதல் வேண்டும். கெனெசோ மௌன்டன் லாண்டிஸ் (1866–1944) இதற்குத் தக்க சான்றாவார். இராஜாங்கச் செயலாளர் கிறெஷாமின் அந்தரங்கச் செயலாளராகவும், பின்னர் சிக்காகோவில் வழக்கறிஞராகவும் குடியரசுக் கட்சி அரசியலிலும் ஈடுபட்டிருந்த அவரை, 1905இல் தியடோர் ரூஸ்வெல்ற் வட இல்லினோய் மாவட்ட நீதிபதியாக நியமித்தார்.

1907இல், சட்டவிரோதமான புகையிரதக் கட்டணச் சலுகை பெற்றமைக்காக, இந்தியானா ஸ்ரான்டர்ட் ஒயில் கம்பனிக்கு லாண்டிஸ் 29,240,000 டொலர் அபராதம் விதித்தார். ஏகபோகத்தின் மீது மத்தியதர வர்க்கம் கொண்டிருந்த சினம் அத்தீர்ப்பிற் பிரதிபலித்தது எனலாம். எனினும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 1908இல் அதனைத் தள்ளியது; அபராதம் செலுத்தப்படவேயில்லை.

1918இல், உலகக் கைத்தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு பேர், யுத்த முயற்சிக்கு எதிராகச் சதி செய்தனர் என்ற குற்றச்சாட்டில் அவர்முன் நிறுத்தப்பட்டனர். பில் ஹேவூட் உட்படப் பதினைந்து பேருக்கு இருபதாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. சிலர் 1923 வரை சிறையில் வாடினர். சோசலிசவாதி விக்ரர் பேர்கருக்கு லாண்டிஸ் விதித்த தண்டனையையோ, பக்கச்சார்புக் குற்றச்சாட்டின் பேரில் அவர் விலகியிருக்க வேண்டுமெனக் கூறி, உச்ச நீதிமன்றம் 1921இல் நீக்கியது.

லாண்டிஸை முதலாளிகளின் வெறும் கைப்பாவையெனக் கொள்வது யாந்திரீகமான விளக்கமாகும். ஏகபோகத்தைக் கண்டிக்க அவர் துணிந்தார். ஒழுங்கமைந்த தொழிலாளரைக் கண்டதும் அத்துணிவு ஒடுக்குமுறையாயிற்று. அவ்வெல்லையை வகுத்தது தனிமனித சுபாவம் மட்டுமன்று. அவரை உருவாக்கி, தெரிந்தெடுத்து, அமர்த்திய வர்க்கச் சூழலுமாகும்.