வாழையை மலடாக்கும் அழுக்கணவன்

கொள்ளுப்பிட்டிச் சந்தையில் கதலிப்பழத்துக்கு விலை கேட்போருள் அழுக்கணவனை அறிந்தோர் சிலரே. தமிழகத்தில் அசுவினி என்றழைக்கப்படும் இப்பூச்சி ஓரிரு மில்லிமீற்றர் நீளமே உடையது. எனினும், ஒரு வாழைத்தோட்டத்தையே மலடாக்கும் வல்லமை அதற்கு உண்டு.

ஊசி போன்ற வாயுறுப்பைச் செடியினுள் செலுத்திச் சாற்றை உறிஞ்சியே அழுக்கணவன் வாழ்கின்றது. சாற்றில் சர்க்கரை மிகுதி. புரதத்துக்கு வேண்டிய சத்து சொற்பம். ஆகவே அளவுக்கதிகமாக உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரையை இனிப்பு நீராக வெளியேற்றுகின்றது. அதனை நாடி வரும் எறும்புகள் பொறிவண்டு போன்ற பகைப் பூச்சிகளை விரட்டிக் காவல் புரிகின்றன. எமது நாடு போன்ற வெப்ப வலயங்களில் பெண் பூச்சிகள் ஆணின் துணையின்றியே, முட்டையிடாது குஞ்சுகளை ஈனுகின்றன. ஒன்றிரண்டு வாரங்களில் அக்குஞ்சுகளும் தாயாகிவிடும். கூட்டம் நெருக்கமானால் சிறகுடையவை தோன்றி அயற்செடிகளுக்குப் பறக்கும்.

வாழையில் வாழும் அழுக்கணவன் கருங்கபில நிறமுடையது. மடல்களின் இடுக்கிலும் குருத்திலும் ஒளிந்திருக்கும். அது சாறு உறிஞ்சுவதால் நேரும் கேடு சிறிது. காவிச் செல்லும் வைரசினால் விளையும் கேடே பெரிது. அவ்வைரசு உண்டாக்கும் முடிக்கொத்து நோய் 1913ஆம் ஆண்டிலேயே இலங்கையில் பதிவாகியது. அதனைப் பரப்புவது அழுக்கணவனே என்பதை 1920களில் அவுஸ்திரேலிய விஞ்ஞானி மகீ நிறுவினார். தமிழகத்தின் கீழ்ப்பழனி மலையில் புகழ்பெற்றிருந்த விருப்பாட்சி வாழை, 1970களில் இந்நோயால் பேரழிவைச் சந்தித்தது.

நோயுற்ற மரத்தின் இலைகள் ஒடுங்கி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். காம்புகளில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தோன்றும். குலை தள்ளுவது அரிது. இதனைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

அழுக்கணவனின் குஞ்சுகளுக்கு வைரசு தாயிடமிருந்து செல்வதில்லை. வாழைக்குட்டிகளுக்கோ தாய்மரத்திலிருந்தே செல்கின்றது. தொற்றிய பின் அறிகுறி வெளிப்பட ஒரு மாதமளவு செல்லலாம். ஆதலால் நோயுற்ற குட்டியும் நலமானதாகவே தோற்றமளிக்கக்கூடும். பூச்சியின் சிறகு நோயை அயல் தோட்டத்துக்குக் கொண்டு செல்லும். மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு செல்வது பெரும்பாலும் குட்டியைக் கைமாற்றும் மனிதரே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, வீட்டுத்தோட்டத்தின் அவசியத்தை நகரவாசிகளுக்கும் உணர்த்தியது. முற்றத்தில் வாழை நட விரும்புவோர் நோயற்றவையெனப் பரிசோதிக்கப்பட்ட இழையவளர்ப்புக் கன்றுகளை நாடுதல் நலம். நோய்கண்ட மரத்தை அவசரப்பட்டு வெட்டினால் பூச்சிகள் அடுத்த மரத்துக்கு இடம்பெயரும். முதலில் பூச்சிகளைக் கொன்று, பின்னரே மரத்தைக் கிழங்கோடும் குட்டிகளோடும் அகற்றல் வேண்டும். ஒருவர் மட்டும் இதனைச் செய்து பயனில்லை. வேலிக்கு அப்பால் ஒரு நோயுற்ற மரம் நிற்கும்வரை, இப்பால் நிற்கும் வாழைக்கும் பாதுகாப்பில்லை.